சுண்ணாம்புக்கு அடியில் ஒரு கோடு

குளோவிஸ் லிரெட்டின் இறால் படகு அன்று காலை ஒரு மேய்ச்சல் நிலத்தின் நடுவே போய்க்கொண்டிருந்தது. சுக்கானுக்குப் பக்கத்திலிருந்த வரைபடத் திரை அப்படித்தான் காட்டியது. திரை முழுக்கப் பச்சை. பச்சையின் மேல் ஒரு சின்ன அம்புக்குறியாக அவருடைய படகு. நிமிர்ந்து கண்ணாடி வழியே பார்த்தால் நான்கு பக்கமும் தண்ணீர். ஒரு காலத்தில் கித்ரோஸ் வீட்டு மாடுகள் மேய்ந்த இடம் அது. சிறுவயதில் தம்பி எல்ஃபேஜும் அவரும் அந்த மாடுகளை விரட்டி, மாலையில் அப்பாவிடம் சேர்ந்தே உதை வாங்கியிருக்கிறார்கள். இப்போது அங்கே கூழைக்கடாக்கள் மிதந்துகொண்டிருந்தன.

"பழைய மிஷினு" என்று முணுமுணுத்தபடி திரையை அணைத்தார்.

யாராவது கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும். எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் சதுப்புக்குள் வாய்க்கால் வெட்டினார்கள், உப்பு உள்ளே வந்தது, நிலம் உட்கார்ந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம். வானம் சூடாகிறது, கடல் ஏறுகிறது என்பதெல்லாம் நகரத்து ஆட்கள் ஓட்டுக்காகக் கட்டிவிட்ட கதை. அவர் கட்சி அப்படித்தான் சொன்னது. அவர் வீட்டுத் தொலைக்காட்சியும் அப்படித்தான் சொன்னது. பதிலில் பாதி உண்மை இருந்ததால் அதைக் கைவிடுவது அவருக்கு இன்னும் கடினமாக இருந்தது.

அன்று சகல புனிதர் திருநாள். மினோ முனை என்ற அந்தக் கடலோர ஊரில் அன்றைக்கு யாரும் வலை போடுவதில்லை. முதல் நாள் கடலில் தங்கியவர்கள்கூட விடிந்ததும் திரும்பிவிடுவார்கள். மதியத்துக்குள் அவரவர் குடும்பக் கல்லறையைச் சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பொழுது சாயும்போது சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். அதன்பிறகு மெழுகுவர்த்தி.

படகைக் கட்டிவிட்டு, மரக்கால்கள் மேல் நின்ற தன் வீட்டின் அடியிலிருந்து சுண்ணாம்பு வாளியை எடுத்தார் குளோவிஸ். அடுத்த வீடு எல்ஃபேஜுடையது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு தாழ்ந்த வேலி. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு கட்சியின் தேர்தல் பலகை, அந்தப் பக்கம் மற்றக் கட்சியின் பலகை, ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றன. தேர்தல் முடிந்து எத்தனையோ நாளாகியும் இருவரும் பலகையைப் பிடுங்கவில்லை. முதலில் பிடுங்குகிறவன் தோற்றவன். கோயிலிலும் அப்படித்தான். பீடத்துக்கு வலப்பக்கம் ஒரு கட்சி, இடப்பக்கம் ஒரு கட்சி. சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் நடுவிலிருக்கும் பாதையைத் தாண்டி ஒரு கையும் நீளாது.

எல்ஃபேஜின் வீட்டுப் படிக்கட்டில் அவருடைய ரப்பர் பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. குளோவிஸ் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் ஏற்கெனவே பாதி ஊர் இருந்தது. உப்பேறிச் செத்துப்போன ஓக் மரங்கள் வெள்ளை எலும்புகள் மாதிரி கைவிரித்து நிற்க, அவற்றுக்குக் கீழே மண்ணில் பாதி புதைந்த, உள்ளே சவம் வைத்து மூடிய சிமெண்டுப் பெட்டிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. ஒரு பெட்டியின் மேல் குனிந்திருந்த யூனிஸ் கித்ரோஸ் நிமிர்ந்து பார்த்தாள். குளோவிஸின் கட்சிக்காரி. அவள் வாசலிலும் அதே பலகைதான்.

"வாங்கண்ணே. பெரிய வாளியா கொண்டாந்திருக்கீங்க? வருசா வருசம் நெறைய மறைக்க வேண்டியிருக்கோ?"

"உன் வாயை மறைக்கத்தான் கொஞ்சம் அதிகமா கரைச்சேன்."

"என் வாயா? அது ஆண்டவரே வந்தாலும் அடங்காது." அவள் தூரிகையை வாளியில் போட்டாள். "சாமி உங்களைத் தேடிட்டு இருந்தாரு. வண்டி திங்கக்கெழம வருதாம். எல்லாரும் சரின்னுட்டோம். நீங்க மட்டும்தான் பாக்கி."

பெட்டிகளை எடுத்து, வடக்கே மேட்டுநிலத்தில் மறைமாவட்டம் கொடுத்த இடத்தில் வைக்கப் போகிறார்கள். குடும்பம் சரி என்றால் எடுப்பார்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுவார்கள். விட்டுவிடப்பட்ட பெட்டிக்கு இதற்குப் பிறகு வண்டி வராது.

"நீயுமா சரின்ன? கூட்டத்துல எனக்குக் கைதட்டினியே."

"தட்டினேன். அடுத்த தேர்தல்லயும் நம்ம கட்சிக்குத்தான் போடுவேன். அது வேற." யூனிஸின் குரல் தணிந்தது. "எங்கப்பா போன புயல்ல கரும்புக் காட்டுல கெடந்தாருண்ணே. பெட்டியோட. பாம்புங்க நடுவுல. என் வீட்டுக்காரர்தான் போயி அடையாளம் சொன்னாரு. படகுக்கார பியரோட அம்மா பெட்டி இன்னும் கெடைக்கவே இல்ல. ஓட்டு வேற, அப்பா வேற."

குளோவிஸிடம் அதற்கும் ஒரு பதில் இருந்தது. ஊர் முழுக்க அறிந்த பதில்.

போன புயலுக்கு எல்லோரும் வடக்கே ஓடினார்கள். அவரும் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது கல்லறைத் தோட்டம், குழந்தை கலைத்துப் போட்ட கட்டைகள் மாதிரி கிடந்தது. காற்றடைத்த சிமெண்டுப் பெட்டி வெள்ளத்தில் படகாகிவிடும். அப்படி மிதந்து எங்கெங்கோ போய்விட்டன. ஆனால் அவர் மனைவி வெர்னாவின் பெட்டி மட்டும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. குளோவிஸ் சேற்றில் முழந்தாளிட்டு அழுதார். பிறகு வசந்தகாலத்தில், பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கூட்டம் போட்டு, நகரத்திலிருந்து வந்த பெண் கடல் மூழ்கடிக்கப்போகிற இடமென்று ஊரையே நீல நிறத்தில் காட்டிய ஒரு வரைபடத்தைத் தொங்கவிட்டபோது, அவர் எழுந்து நின்று கேட்டார்: "நகரத்துல நீலப் பெயின்டு மலிவாம்மா?" அரங்கம் சிரித்தது. "என் வெர்னா நகரல. ஆண்டவர் கைவச்சுப் பிடிச்சாரு. கடல் ஏறுதுன்னா அவ எப்படி அங்கயே இருக்கா? சொல்லுங்க."

எல்ஃபேஜ் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "கடல் ஏறுதுண்ணே. நீயும் நானும் தினம் அதுமேலதான் போயிட்டு வரோம்" என்றார். அப்போதுதான் குளோவிஸ் அதைச் சொன்னார்: "புயல்ல சொந்த நங்கூரத்தையே தொலைச்சவன், கடல் எங்க வரும்னு நமக்குப் பாடம் நடத்துறான் பாருங்கய்யா!" இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. எல்ஃபேஜின் புயல் நங்கூரம் காணாமல் போனதும், வெறும் கயிற்றில் நின்ற அவருடைய படகு அறுந்து போய் நெடுஞ்சாலை மேல் பக்கம் பிளந்து கிடந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதிலிருந்து அவர் மற்றவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் முகம் சிவந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"குளோவிஸ்!" ஃபாதர் வின் புல்லில் சளக் சளக்கென்று வந்தார். வியட்நாமிலிருந்து வந்த இறால் பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை. அங்கிக்குக் கீழே ஊராரைப் போலவே வெள்ளை ரப்பர் பூட்ஸ். "தீர்த்தம் தெளிச்சு மந்திரிக்கிறதுக்கு முன்னாடி உங்க வார்த்தை வேணும். திங்கக்கெழம வர்ற ஆளுங்களுக்கு நான் சொல்லணும்."

"என் வார்த்தைதான் ஏற்கெனவே இருக்கே சாமி. அவளை நான் அசைக்க மாட்டேன்."

"ஏன்னு கேக்கலாமா? கூட்டத்துல சொன்னது வேண்டாம். எனக்குச் சொல்லுங்க."

குளோவிஸ் வாளியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "தண்ணி வருதுன்னு ஒத்துக்கிட்டா வீடு போச்சு, படகு போச்சு, அப்பா வாழ்ந்த ஊரு போச்சு. எல்லாம் போகட்டும். அவளை இன்னொரு தடவை பொதைக்கணுமே சாமி. ஒரு தடவை போதும்."

ஃபாதர் வின் குளோவிஸின் தோளைத் தொட்டார். "சாயங்காலம் வரைக்கும் காத்திருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

வெர்னாவின் பெட்டி தோட்டத்தின் தென்கோடியில் இருந்தது, ஒரு செத்த ஓக்கின் வேருக்கு அருகில். குளோவிஸ் முழந்தாளிட்டுச் சுரண்ட ஆரம்பித்தார். பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரே உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு ஓடியது. தண்ணீர் வந்து நின்று போன கோடு. ஒவ்வொரு வருடமும் அந்தக் கோடு இருக்கும். ஒவ்வொரு வருடமும் "ஈரம்" என்று சொல்லிக்கொண்டு அதன் மேல் இரண்டு பூச்சு அடிப்பார். மறுவருடம் வரும்போது பெட்டி வெள்ளையாகத்தான் இருக்கும், புதுக்கோடு ஒன்றைத் தவிர. இந்த வருடக் கோடு பெயர் எழுதிய கல்லைத் தொட்டிருந்தது. வெர்னா என்ற பெயரின் கால்கள் நனைந்திருந்தன.

அடிப்பக்கத்தில் மண் கரைந்து சிப்பிகள் வெளியே தெரிந்தன. அவற்றை ஒதுக்கினார். சிப்பிக்கு நடுவே துருப்பிடித்த ஒரு இரும்பு முனை நீட்டிக்கொண்டிருந்தது. வேலிக்கம்பி என்று நினைத்துப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. கரண்டியால் தோண்டினார். முனை அகன்று, வளைந்து, ஒரு கையளவு தடித்த இரும்பாக விரிந்தது. நங்கூரத்தின் அலகு, மண்ணைக் கவ்வும் முனை. அலகு தண்டோடு சேரும் இடத்தில், அவசரமாகச் சிமெண்டு பூசியது மாதிரி திரட்டுத் திரட்டாக ஒரு பற்றவைப்பு.

அந்தத் திரட்டை அவர் விரல்கள் அறிந்தன. அவரே வைத்த பற்று அது. எல்ஃபேஜின் நங்கூரம் பாறையில் மாட்டி முறிந்தபோது, இருவரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில், தன் வீட்டின் அடியில் உட்கார்ந்து அவர் பற்றவைத்தார். "இது வெல்டிங்கா, இல்ல காளான் மொளைச்சிருக்கா?" என்று எல்ஃபேஜ் கேட்டதும், உள்ளேயிருந்து வெர்னா வாய்விட்டுச் சிரித்ததும் நினைவுக்கு வந்தன.

குளோவிஸ் எழுந்து பெட்டியின் மூடியை உள்ளங்கையால் தடவினார். புயலுக்குப் பிறகு அதன் குறுக்கே பட்டையாக ஒரு துருக்கறை இருந்தது. கிளை விழுந்து உரசியிருக்கும் என்று சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார். இப்போது நகத்தால் சுரண்டினார். வெள்ளை உதிர உதிர, சங்கிலிக் கண்ணிகளின் தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. நங்கூரம் கிடந்த பக்கத்திலிருந்து மூடியைத் தாண்டி, ஓக்கின் வேரை நோக்கி. வேரிலும் சங்கிலி அறுத்த வடு இருந்தது.

ஊரே ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவன் இங்கே வந்திருக்கிறான். காற்றில் நிற்க முடியாமல் தவழ்ந்துதான் வந்திருப்பான். தன் படகைப் பிடித்து நிறுத்த வைத்திருந்த ஒரே நங்கூரத்தைத் தோளில் சுமந்து வந்து, இவள்மேல் சங்கிலியைப் போட்டு இறுக்கியிருக்கிறான். படகு போகட்டும் என்று விட்டிருக்கிறான். வெள்ளம் வடிந்ததும் சங்கிலியைக் கழற்றிப் போயிருக்கிறான். சேற்றில் ஆழ இறங்கிவிட்ட நங்கூரத்தை மட்டும் அவனால் எடுக்க முடியவில்லை.

கடல் ஏறவில்லை என்பதற்கு இந்த உலகத்தில் குளோவிஸிடம் இருந்த ஒரே சாட்சி, கடல் ஏறும் என்று நம்பியவன் கட்டிவைத்தது.

அவருக்குள் எழுந்தது கோபமில்லை, வெட்கமும் முழுதாக இல்லை. பெரிய மலையின் அடிவாரத்தில் திடீரென்று நிறுத்தப்பட்டவன் தலையைத் தூக்கிப் பார்ப்பது போன்ற ஏதோ ஒன்று. சுண்ணாம்பு வாளி பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. பிறகு தூரிகையை எடுத்து, பெட்டியின் பக்கங்களில் கோட்டுக்கு மேலே மட்டும் ஒரு பூச்சு அடித்தார்.

பொழுது சாயத் தொடங்கியபோது காற்று தெற்கே திரும்பியது. மழையில்லை, மேகமில்லை, வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி இருந்தது. அந்தத் தெளிந்த வானத்தின் கீழ் தண்ணீர் வந்தது. அலையில்லை, ஓசையில்லை. புல்லின் ஒவ்வொரு தாளுக்கும் நடுவே, வீடு திரும்புகிறவன் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவது மாதிரி, வளைகுடாக் கடல் தோட்டத்துக்குள் வந்தது. ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யாரும் ஓடவில்லை. பழகிய விஷயம்தான். ஆனால் திருநாள் அன்றைக்கே வந்ததில்லை.

ஃபாதர் வின் கணுக்கால் தண்ணீரில் நடந்து தீர்த்தம் தெளித்தார். துளிகள் கல்லறைமேல் பாதி, கடல்மேல் பாதி விழுந்தன. மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எரிய எரிய ஒவ்வொரு சுடரும் கீழே தண்ணீரில் இன்னொன்றாயிற்று. தோட்டம் இருந்த இடத்தில் மேலும் கீழும் நட்சத்திரங்கள் மட்டும் இருந்தன. நடுவே வெள்ளைப் பெட்டிகள் எங்கோ புறப்படக் காத்திருக்கும் படகுகள் போல நின்றன. வலப்பக்கத்து ஆட்களும் இடப்பக்கத்து ஆட்களும் எங்கே நின்றார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லா முகத்திலும் ஒரே வெளிச்சம். யூனிஸ் சிலுவைக்குறி போட்டாள். "ஆண்டவரே, எவ்வளவு பெருசு" என்றாள். கடலைச் சொன்னாளா, வேறெதையாவது சொன்னாளா என்று யாரும் கேட்கவில்லை.

எல்ஃபேஜ் இரண்டு வரிசை தள்ளி, அம்மா அப்பா கல்லறையில் சுடரைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார். குளோவிஸ் தண்ணீரில் நடந்து போய்ப் பக்கத்தில் நின்றார். வழக்கமாக அவர் வந்தால் எல்ஃபேஜ் நகர்ந்துவிடுவார். இன்று கையில் தீக்குச்சி எரிந்துகொண்டிருந்தது, நகர முடியவில்லை.

"உன் நங்கூரம் கெடைச்சுது" என்றார் குளோவிஸ்.

எல்ஃபேஜ் திரியையே பார்த்தார். "அப்படியா."

"ஏன்டா சொல்லல?"

"என்னத்தச் சொல்ல?"

"அத்தனை பேரையும் உன்னைப் பார்த்துச் சிரிக்கவச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே என் வாய் மூடியிருக்கும்ல. கூட்டமே உன் பக்கம் வந்திருக்கும்."

"வந்திருக்கும்." எல்ஃபேஜ் குச்சியைத் தண்ணீரில் போட்டார். "வாதத்துல ஜெயிக்கறதுக்கு வெர்னா அண்ணியை எடுத்துக் கூட்டத்துல போடச் சொல்றியா? அதுவுமில்லாம, ஆண்டவர் பிடிச்சாருன்னுதானே நீ சொன்னே. அதுல பொய் என்ன இருக்கு? அவருக்குச் சங்கிலி வேண்டியிருந்துச்சு. என்கிட்ட இருந்துச்சு."

"உன் படகு போச்சேடா."

"போச்சு. நாம பேச்சை நிறுத்தின பெறகும் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வேலிக்கு மேல அண்ணி கையால ஒரு கிண்ணம் கம்போ குழம்பு வரும், தெரியுமா? உனக்குத் தெரியாம. ஒரு ஞாயிறுகூடத் தவறல. சாகிற வாரத்துலகூட." அவர் மூக்கை உறிஞ்சினார். "அவங்களைத் தண்ணியில விட்டுட்டு நான் எங்கே ஓடறது?"

தண்ணீர் கணுக்காலிலிருந்து மேலே ஏறியிருந்தது. இருவரும் தெற்கே பார்த்தார்கள். வெர்னாவின் பெட்டியைச் சுற்றித் தண்ணீர் வட்டமாகச் சேர்ந்து நின்றது.

"சங்கிலி வச்சிருக்கியா?" என்று கேட்டார் குளோவிஸ்.

"வீட்டுக்கடியில."

"கொண்டு வாடா. திங்கக்கெழம வரைக்கும் தாங்கணும்."

எல்ஃபேஜ் அப்போதுதான் திரும்பி அண்ணன் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் தெறிக்க வேகமாக நடந்தார்.

இருவரும் சேர்ந்து சங்கிலியைப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தபோது ஃபாதர் வின் வந்தார். வெர்னாவின் பெட்டி மேல்பாதி வெள்ளையாகவும் கீழ்ப்பாதி சுண்ணாம்பு படாமலும் இருந்தது. நடுவே பழுப்புக் கோடு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தெளிவாக.

"பாதியில விட்டுட்டீங்களே?"

"தண்ணி வந்த எடம் சாமி. தெரியட்டும்." குளோவிஸ் கண்ணியை வேரில் மாட்டினார். "வண்டிக்காரங்ககிட்டச் சொல்லிடுங்க. ஆனா தூக்கறது நாங்க ரெண்டு பேரும்தான். வேற யாரும் தொடக் கூடாது."

ஃபாதர் வின் தலையை மட்டும் ஆட்டினார். அவர் கண்களிலும் இரண்டு சுடர்கள் நின்றன. தீர்த்தக் கிண்ணத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் அந்தப் பெட்டியின் மேல் கவிழ்த்தார்.

எல்ஃபேஜ் குனிந்து நங்கூரத்தின் அலகைத் தொட்டுப் பார்த்தார். "புயலு, வெள்ளம் எல்லாத்துக்கும் நின்னிருக்கு. வெல்டிங் மட்டும் இன்னும் கண்றாவியாத்தான் இருக்கு."

"காளான்னு சொன்னியே, அதுவே பரவால்ல."

வீடு திரும்பும்போது யூனிஸ் பின்னாலேயே ஓடிவந்து ஒரு மூடிபோட்ட பாத்திரத்தைக் குளோவிஸின் கையில் திணித்தாள். நண்டும் இறாலும் போட்ட கம்போ. திருநாளுக்கு ஊரெல்லாம் கொடுப்பாள். "அண்ணே, தனியாத் தின்னுத் தீர்க்காதீங்க" என்றாள். அவள் எதைப் பார்த்தாள், எதைக் கேட்டாள் என்று சொல்லவில்லை.

வேலி வந்தது. இரண்டு பலகைகளும் ஈரக்காலோடு ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டிருந்தன. சகோதரர்கள் கொஞ்சநேரம் அவற்றைப் பார்த்தார்கள்.

"நான் கட்சி மாறமாட்டேன். சொல்லிட்டேன்" என்றார் குளோவிஸ்.

"யாரு கேட்டா?" என்றார் எல்ஃபேஜ்.

அவரவர் வீட்டுப்படி ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் குளோவிஸ் மறுபடி இறங்கி வந்தார். வெர்னா எப்போதும் எடுக்கும் நீலக்கரை போட்ட கிண்ணம் கையில் இருந்தது. ஆவி பறக்கும் கம்போவை வேலியின் மேல், இரண்டு பலகைகளுக்கும் நடுவே, சாயாமல் வைத்தார். வைத்துவிட்டுக் கூப்பிடவில்லை. வெர்னா கூப்பிட்டிருக்க மாட்டாள்.

வேலிக்கடியில் கடல் மெதுவாக இறங்கத் தொடங்கியிருந்தது. எல்ஃபேஜ் வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.